முதுகில் அறுவை, கண்ணில் இருட்டு: பார்வை நரம்பு ஏன் பட்டுப்போகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "அக்கா, அப்பாவுக்கு 56 வயது. லாரி ஓட்டுகிறவர். நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் உண்டு. ஐந்து வாரங்களுக்கு முன் முதுகெலும்பில் திருகாணியும் கம்பியும் வைத்து அறுவை செய்தார்கள். ஒன்பது மணி நேரம் ஆனது. கண் விழித்ததும் 'ஏன் இருட்டாக இருக்கிறது, விளக்கைப் போடுங்கள்' என்றார். மயக்க மருந்தின் வேலை என்று மறுநாள்வரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. இடது கண்ணில் மேல்பாதியில் ஆள் உருவம் தெரிகிறது, கீழ்ப்பாதி இருட்டு. பார்வை நரம்பு பாதித்துவிட்டது என்கிறார்கள். கத்தி வைத்தது முதுகில்தானே, கண் எப்படிப் போனது? பார்வை திரும்புமா? என் ஒரு கண்ணை அப்பாவுக்குக் கொடுக்க முடியுமா? வழக்குப் போடலாமா?"

தங்கை, கண்ணைக் கொடுப்பது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நினைப்போடுதான் நீங்கள் இரவெல்லாம் விழித்திருப்பீர்கள். அது முடியாது. கண் தானத்தில் எடுத்துப் பொருத்துவது முழுக் கண்ணை அல்ல, கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் இருக்கும் மெல்லிய படலத்தைத்தான். உங்கள் அப்பாவுக்கு அந்தப் படலத்தில் கோளாறே இல்லை. 2023-ல் நியூயார்க்கில் ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியோடு சேர்த்து முழுக் கண்ணையே மாற்றிப் பொருத்தினார்கள். அந்தக் கண்ணில் ரத்தம் ஓடியது, கண் உயிரோடு இருந்தது, ஆனால் பார்வை வரவில்லை. ஒரு பார்வை நரம்புக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அறுந்த இடத்தில் அவற்றை மூளையோடு மறுபடி இணைக்க இன்றுவரை வழி இல்லை. இதை உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். அவரும் உங்களுக்குத் தெரியாமல் இதையே நினைத்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த குடும்பங்களில் ஒருவர் மட்டும் இதைக் கேட்டு நின்றதே இல்லை.

பினாங்கில் கண் வார்டில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் அல்ல. உங்கள் அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் போன்றவர்களின் கட்டிலருகே நின்றிருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கண்ணிலிருந்து கிளம்பும் நரம்பு, மறு கண்ணின் நரம்போடு சந்திக்கும் இடம்வரை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளம். வழியில் எலும்புக்குள் ஒரு குறுகிய குழாயைக் கடந்து போகிறது. கண்ணை ஒட்டிய முன்பகுதிக்குத் தனியாக ரத்தக் குழாய்கள் உண்டு. பின்பகுதிக்கோ, நரம்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து இறங்கும் மயிரிழைக் குழாய்கள்தாம் கதி. வயல்காரர்கள் கடைமடை என்பார்களே, வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்கிற இடம், அதுபோல. மற்ற உறுப்புகள் தாங்கிக்கொள்ளும் பஞ்சத்தை அந்த இடம் தாங்காது.

ஒன்பது மணி நேரம் குப்புறப் படுத்திருக்கும் உடலில் இந்தக் கடைமடைக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. முதுகெலும்பு அறுவையில் ரத்தம் நிறையப் போகும். ரத்த அழுத்தம் இறங்கும், மிச்சமிருக்கும் ரத்தமும் நீர்த்துப்போகும். இது வரவு குறைவது. இன்னொரு பக்கம், தலை தாழ்ந்து வயிறு அமுங்கிக் கிடப்பதால், திரும்பிப் போக வேண்டிய ரத்தம் சிரைகளில் தேங்கும். கையில் ஊசி குத்தி ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் திரவம் முகத்தில் இறங்கி வீங்கும். அறுவை முடிந்து அப்பாவை வெளியே கொண்டுவந்தபோது இமையும் உதடும் உப்பியிருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அதே தேக்கம் கண்ணுக்குப் பின்னால் அந்த இறுக்கமான இடத்திலும் ஏற்பட்டு, மயிரிழைக் குழாய்களை நெரித்துவிடுகிறது என்பதே மருத்துவர்கள் பலர் நம்பும் விளக்கம்.

"யாரோ கண்ணை அமுக்கி வைத்துவிட்டார்கள்" என்ற சந்தேகம் எல்லாக் குடும்பத்துக்கும் வருகிறது. அமுங்கினால் வேறு கோளாறு வரும்: விழித்திரைக்குப் போகும் முக்கிய ரத்தக் குழாய் அடைபடும். அது பெரும்பாலும் ஒரு கண்ணில்தான். அந்தக் கண்ணைச் சுற்றி வீக்கமோ கன்றலோ தெரியும். அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்கள் சங்கம் 1999-ல் இதற்கென்றே ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. முதுகெலும்பு அறுவைக்குப் பின் பார்வை போன 93 பேரின் விவரத்தை 2006-ல் வெளியிட்டார்கள். அதில் 83 பேருக்குப் பார்வை நரம்பில் ரத்த ஓட்டக் குறை. சராசரி மயக்க நேரம் ஏறத்தாழ 10 மணி. நூற்றுக்கு 96 பேருக்கு மயக்க நேரம் 6 மணியை எட்டியது அல்லது ரத்த இழப்பு ஒரு லிட்டரை எட்டியது. அந்த 83 பேரில் 16 பேரின் தலை ஊசிப் பிடிகளில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதாவது அவர்கள் கண்ணில் மெத்தைகூடப் படவில்லை. அவர்களுக்கும் பார்வை போனது. இதை நான் படித்த அன்று, பல ஆண்டுகளாக மனத்துக்குள் யார் யாரையோ சந்தேகித்ததற்காக வருந்தினேன்.

அதே குழுவினர் 2012-ல் இன்னும் ஆழமாகப் பார்த்தபோது, ஆண்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும், மயக்க நேரமும் ரத்த இழப்பும் கூடியவர்களுக்கும், தலை தாழ்ந்திருக்கும்படி வளைந்த ஒருவகைச் சட்டத்தில் படுக்கவைக்கப்பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. ஆனாலும் இன்னாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது. இதய அறுவையிலும், கழுத்துச் சிரையைக் கட்டிச் செய்யும் புற்றுநோய் அறுவையிலும்கூட அரிதாக வருகிறது.

இனி அந்த முதல் இரவைப் பற்றி. 1990-களின் நடுவில் ஒரு விடியற்காலை, எலும்பு வார்டிலிருந்து என்னை அழைத்தார்கள். ரொட்டி சானாய் போடும் ஒரு மனிதர். முதுகில் அறுவை முடிந்து இரண்டாம் நாள். மேசையில் மைலோ ஆறிக்கொண்டிருந்தது. அவர் கை கோப்பைக்கு இரண்டு அங்குலம் தள்ளித் துழாவியது. பக்கத்தில் மனைவி, "இன்னும் மயக்கம் தெளியவில்லை மிஸ்ஸி" என்றார். ஆனால் மனிதர் தன் கடையில் மாவு பிசைய யார் நிற்கிறார்கள் என்று தெளிவாக விசாரித்துக்கொண்டிருந்தார். மயக்கத்தில் இருப்பவர் பேச்சு அல்ல அது. கண் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. அதனால்தான் யாரும் நம்பவில்லை.

கைவிளக்கை வலது கண்ணில் அடித்தேன். பாவை, அதாவது கருவிழியின் நடுவில் இருக்கும் துளை, சட்டென்று சுருங்கியது. விளக்கை இடது கண்ணுக்கு நகர்த்தினேன். சுருங்கியபடியே இருக்க வேண்டிய இடது பாவை, வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்போதே விரிந்தது. மறுபடி வலது: சுருங்கியது. மறுபடி இடது: விரிந்தது. அந்தக் கண்ணிலிருந்து வெளிச்சத்தின் செய்தி மூளைக்குப் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. சட்டைப் பையில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்துக் குப்பி இருந்தது. அதன் மூடி சிவப்பு. வலது கண்ணுக்குக் காட்டினேன், "சிவப்பு" என்றார். இடது கண்ணுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "துவைத்துத் துவைத்து வெளுத்த காவி" என்றார். நரம்பு அடிபட்டால் எழுத்து மறைவதற்கு முன்பே சிவப்பின் உயிர் போய்விடும். கண் டாக்டர் வந்து உள்ளே பார்த்தபோது நரம்பின் தலை பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. பாதிப்பு பின்பகுதியில் இருந்தால் முதலில் அப்படித்தான் இருக்கும். சில வாரங்கள் கழித்தே வெளுத்துத் தெரியும். உங்கள் அப்பாவுக்கும் இப்போது அந்த வெளுப்பு தெரியத் தொடங்கும் காலம்.

உங்களைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி: அன்று இரவே சத்தம் போட்டிருந்தால் பார்வை தப்பியிருக்குமா? இந்த நரம்புப் பாதிப்புக்கு, அது தொடங்கிவிட்ட பிறகு நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. அன்றிரவே கண்டுபிடித்திருந்தால் ரத்தச் சோகையைச் சரிசெய்திருப்பார்கள், ரத்த அழுத்தத்தை உயர்த்தியிருப்பார்கள், தலையை உயர்த்தி வைத்திருப்பார்கள். செய்ய வேண்டியவைதான். ஆனால் அதனால் பார்வை மீண்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மேல் இந்தப் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அதற்காக, மறுநாள்வரை விட்டது சரி என்று நான் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் பார்வை மங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் சில அன்றே கவனித்தால் காப்பாற்றக்கூடியவை. கண் அழுத்தம் திடீரென்று ஏறினால் கண் சிவந்து தலை பிளக்கும், உடனே இறக்கிவிடலாம். மூக்குக்குப் பின்னுள்ள சைனஸ் அறுவையிலோ இமை அறுவையிலோ கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிக் கண் பிதுங்கினால், இமையின் ஓரத்தை வெட்டி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். அதில் நிமிடக் கணக்கு. மூளையின் பின்புறத்தில் பக்கவாதம் வந்தும் பார்வை போகலாம். அப்போது பாவை ஒழுங்காகச் சுருங்கும், ஆனால் மனிதருக்கு ஒன்றும் தெரியாது. இவற்றைப் பிரிக்க ஒரு கைவிளக்கும் இரண்டு நிமிடமும் போதும். அறுவையின்போது கண் உலராமல் இருக்கக் களிம்பு தடவி ஒட்டுவார்கள், அதனால் சிறிது நேரம் மங்கலாகத் தெரிவது உண்மைதான். ஆனால் களிம்பு மங்கல் துடைத்து நாலு முறை இமைத்தால் விலகும். விலகாவிட்டால் அது களிம்பு அல்ல. நீண்ட நேரம் குப்புறப் படுத்தவர் கண் விழித்ததும், "எத்தனை விரல்?" என்று ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதை நான் வேலையில் இருந்தவரை இளம் தாதிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். உறவினர்களும் கேட்கலாம்.

பார்வை திரும்புமா? சிலருக்கு முதல் சில வாரங்களில், மாதங்களில் கொஞ்சம் தெளிவு வருவதுண்டு. முழுதாக இருண்ட கண் பழையபடி ஆனதை நான் பார்த்ததில்லை. இடது கண்ணில் மேல்பாதி இருக்கிறது அல்லவா, இனி நம் கவனம் எல்லாம் அதன் மேல். நீரிழிவைக் கட்டுக்குள் வையுங்கள், புகைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை இரவில் போடுகிறாரா என்று பாருங்கள். தூக்கத்தில் ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவது பலவீனமான நரம்புக்கு நல்லதல்ல என்று பல கண் மருத்துவர்கள் கருதுகிறார்கள். நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பலத்த குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருமானால் அதையும் சொல்லுங்கள்.

யாராவது நந்தியாவட்டை பிழியச் சொல்வார்கள், தாய்ப்பால் விடச் சொல்வார்கள். விடாதீர்கள். சொட்டு எதுவும் அந்த நரம்பை எட்டாது, கண்ணில் கிருமி மட்டும் சேரும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு முளைக்கும் என்று பல்லாயிரம் வெள்ளி கேட்பவர்களும் வருவார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் அப்படி ஒரு மருந்தகத்தில், விழித்திரைத் தேய்வுக்காக இரண்டு கண்ணிலும் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்கு இருந்த பார்வையும் பெருமளவு போனதை 2017-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். வீட்டை அடகு வைக்கும் முன் என்னிடமோ எந்தக் கண் மருத்துவரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அப்பா ஒருநாள் சுவர் முழுக்கக் கோலம் தெரிகிறது என்பார், அல்லது கட்டில் ஓரத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பார். பயந்துவிடாதீர்கள். பேயும் இல்லை, புத்தி பேதலிப்பும் இல்லை. கண்ணிலிருந்து படம் வராதபோது மூளை தானே படம் வரைகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சார்ல் போனே என்பவர் 1760-ல் தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்தார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். பலர் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று மறைத்து வைத்து, தனியாக நடுங்குகிறார்கள். நீங்களே முந்திக்கொண்டு, "அப்பா, இப்படி ஏதாவது தெரிகிறதா?" என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வழக்கு விஷயத்தில் இரண்டு கேள்விகளைக் கலக்காதீர்கள். அறுவையைக் கவனக்குறைவாகச் செய்தார்களா என்பது ஒன்று. இப்படி நடக்கலாம் என்று முன்பே சொன்னார்களா என்பது வேறு. முதலாவதற்கு, மருத்துவ அறிக்கையோடு மயக்க மருந்துப் பதிவுத் தாளின் நகலையும் கேளுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், எவ்வளவு ரத்தம் போனது, எவ்வளவு ஏற்றினார்கள், தலை எப்படி வைக்கப்பட்டது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவர் படித்தால்தான் எதுவும் தெரியும். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இது நேரக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இரண்டாவதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு பெண், பார்வை குன்றிய வலது கண்ணில் அறுவை செய்துகொண்டதில், நன்றாக இருந்த இடது கண்ணின் பார்வையும் போனது. அந்த ஆபத்து ஏறத்தாழ 14,000 பேரில் ஒருவருக்கு. அவ்வளவு அரிதாக இருந்தாலும், திரும்பத் திரும்ப விசாரித்த நோயாளியிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992-ல் தீர்ப்பளித்தது. நம் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஃபூ ஃபியோ நா என்ற நோயாளி தொடுத்த வழக்கில் அதே வழியைப் பின்பற்றியது. ஆபத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை மற்ற மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது, நோயாளிக்கு எது முக்கியம் என்று பார்க்க வேண்டும். நீண்ட நேரமும் நிறைய ரத்த இழப்பும் எதிர்பார்க்கும் முதுகெலும்பு அறுவையில் பார்வை இழப்பு பற்றி முன்பே சொல்வதைப் பரிசீலிக்கும்படி அமெரிக்கச் சங்கமும் 2006 முதல் சொல்லிவருகிறது. அப்பா கையெழுத்திட்ட படிவத்தில் கண்ணைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா, அவருக்குப் புரியும் மொழியில் யாராவது விளக்கினார்களா என்று பாருங்கள். அரசு மருத்துவமனை என்றால் மூன்று ஆண்டுகளுக்குள், தனியார் என்றால் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வழக்கறிஞரை இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வழக்கு ஆண்டுக் கணக்கில் போகும், அரிசிக்கு இப்போதே பணம் வேண்டும். சம்பளத்தில் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடித்திருந்தால், 60 வயதுக்கு முன் எந்தக் காரணத்தால் வேலை செய்ய முடியாமல் போனாலும் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். சந்தா மாதங்கள் போதுமா என்று அலுவலகத்தில் பார்த்துச் சொல்வார்கள். சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பதிவு செய்யுங்கள். நல்ல கண்ணில் பார்வை 6/18-க்குக் கீழே (மற்றவர்கள் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரிலும் பார்க்க முடியாமல்) இருந்தால் குறைபார்வை, 3/60-க்கும் கீழே அல்லது பார்வைப் புலம் 10 பாகைக்குக் குறைவு என்றால் பார்வையின்மை என்று கணக்கு.

பிறகு, தயவுசெய்து ஆறு மாதம் காத்திருக்காமல், ஜார்ஜ்டவுன் பாகான் ஜெர்மாலில் இருக்கும் செயின்ட் நிக்கோலஸ் இல்லத்துக்குப் போங்கள். 1926-ல் தொடங்கிய இல்லம். பெரியவர்களுக்கும் கோல் பிடித்து நடக்கவும், பேசும் கணினியில் வேலை செய்யவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோலாலம்பூரில் உறவினர் இருந்தால் பிரிக்பீல்ட்சில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, 1951-லிருந்து. நான் பார்த்தவர்களில் மனம் உடைந்து கிடந்தவர்கள் பலரும் மருந்துக்காகக் காத்திருந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள்தாம்.

அப்பா சாப்பிடவே மாட்டேன் என்கிறார் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அவருக்குக் கீழ்ப்பாதி தெரியாது. தட்டு இருக்கும் இடமே அந்தக் கீழ்ப்பாதிதான். சோற்றில் கை எங்கே படுகிறது என்று தெரியாமல் பிள்ளைகள் முன்னால் சிந்தக் கூச்சப்படுகிறார். வெள்ளைத் தட்டை எடுத்துவைத்துவிட்டு, கருநீலத் தட்டு ஒன்று வாங்குங்கள், சோறு அதில் எடுப்பாகத் தெரியும். பரிமாறியதும் தட்டைக் கொஞ்சம் சாய்த்து, அவருடைய இடது கண்ணின் உயரத்துக்கு ஒருமுறை தூக்கிக் காட்டுங்கள். "மீன் வலது பக்கம், முள் எடுத்துவிட்டேன். கீரை மேலே" என்று சொல்லிவிட்டு மேசையில் வையுங்கள். ஊட்டிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.